இருட்டு மூலைக்குச் செடி: இரண்டு வருடக் குறிப்புகள்

முதலில் வாங்கியது ஆறு குரோட்டன். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு என்று, பூவே தேவையில்லை என்கிற மாதிரி இலையிலேயே அத்தனை நிறம். மாமரத்தடியில் அரைவட்டமாக நட்டேன். நான்காம் மாதம் பார்த்தால் ஆறும் ஒரே பச்சை. சாகவில்லை, நோயும் கிடையாது. எதற்காக வாங்கினேனோ அது மட்டும் காணாமல் போயிருந்தது. கீழ் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, உச்சியில் நாலைந்து இலைகளோடு ஆறு குச்சிகள் நின்றன.

"நிழலில் வருமா?" என்று கேட்டுத்தான் வாங்கினேன். "வரும்" என்றார்கள். வரத்தான் செய்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. நிழலைத் தாங்கும் செடி வேறு, நிழலை விரும்பும் செடி வேறு. குரோட்டன் தாங்கும் ரகம். அதன் நிறமெல்லாம் நல்ல வெளிச்சத்தில்தான் தெளியும். இருட்டில் வைத்தால், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கப் புது இலை முழுக்கப் பச்சையத்தை நிரப்பிக்கொள்ளும். செடியைப் பொறுத்தவரை அது புத்திசாலித்தனம். எனக்குத்தான் நஷ்டம்.

எங்கள் தோட்டத்தில் வெயில் சரியாக வராத இடங்கள் மூன்று. மாமரத்தடி ஒன்று. வீட்டின் வடக்குச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஓடும் சந்து இன்னொன்று. மூன்றாவது, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மூலை. மூன்றுக்கும் 'நிழல்' என்று ஒரே பெயர் வைத்து, ஒரே பட்டியலோடு போய்ச் செடி வாங்கினேன். முதல் வருடம் நட்டவை 31. வருடக் கடைசியில் உருப்படியாக நின்றவை 12.

அம்மா ஆரம்பத்திலேயே சொன்னார்: "குப்பைமேனிகூட முளைக்காத இடம் அது. அங்கே போய் எதையோ நட்டுக்கிட்டு இருக்கே." கிண்டல் என்று விட்டுவிட்டேன். பிறகு யோசித்தால், அந்த இடத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் சரியான தகவலே அதுதான். நாம் நடாமல் எது தானாக முளைக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். மாமரத்தடியில் காய்ந்த மண்ணும் சருகும்தான், களைகூடக் கிடையாது. சந்தில் சுவரோரம் பாசி, நடுவில் வல்லாரை தானாகப் படர்ந்திருந்தது. மாடிப்படிக்குக் கீழே தூசி. முதலாவதில் தண்ணீர் இல்லை, இரண்டாவதில் தண்ணீர் இருக்கிறது, மூன்றாவதில் தண்ணீரும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வெளிச்சம் அதற்கப்புறம்தான்.

இரண்டாம் வருடம் செடி வாங்குவதற்கு முன் சாக்பீஸை எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கு ஒரு முறை போய், நேர் வெயில் எங்கே விழுகிறதோ அதன் ஓரத்தைக் கோடு போட்டேன். மண் தரையில் கோட்டுக்குப் பதில் கூழாங்கல். வேலை ஒன்றும் பெரிதில்லை, ஆனால் மதியம் தூங்க முடியாது. பொதுவாக, ஒரு நாளில் 6 மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் கிடைத்தால் அது முழு வெயில் இடம், 3 முதல் 6 மணி வரை என்றால் பாதி நிழல், அதற்கும் கீழே போனால் நிழல் என்பது கணக்கு. காலை வெயிலா மாலை வெயிலா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். காலை எட்டு மணி வெயில் பெரணிக்கு (ஃபெர்ன்)கூட இதமானது. பிற்பகல் மூன்று மணி வெயில், காற்று சூடேறிக் காய்ந்திருக்கும் நேரம் என்பதால், அதே இலையைப் பொசுக்கிவிடும்.

நான் கோடு போட்டது டிசம்பரில். சந்தில் ஒரு துளி நேர் வெயில்கூட இல்லை. மகிழ்ச்சியோடு 'முழு நிழல், ஈரம் உண்டு' என்று எழுதிவைத்து, பறவைக்கூடு பெரணி நான்கும் கலாத்தியா மூன்றும் தரையிலேயே நட்டேன். மார்ச் வரை அவ்வளவு அழகு. வருகிறவர்களையெல்லாம் அந்தச் சந்துக்கு அழைத்துப் போய்க் காட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் பாதியில் ஒரு நாள், கலாத்தியா இலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்த வட்டங்கள். இரண்டு நாளில் அவை பழுப்புக் காகிதம் மாதிரி காய்ந்து, விரல் பட்டால் நொறுங்கின. பூஞ்சை என்று நினைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன். அது இன்னும் மோசம். எண்ணெய்ப் படலத்தோடு வெயில் பட்டதில் மீதி இலையும் போயிற்று. வெயில் எங்கிருந்து வந்தது? மறுநாள் உச்சி வேளையில் சந்தில் போய் நின்றேன். என் நிழல் தெற்குப் பக்கம், வீட்டுச் சுவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. சூரியன் வடக்கே இருந்தது!

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு வருடத்தில் சில மாதம் உச்சிச் சூரியன் தெற்கே சாயும், சில மாதம் வடக்கே சாயும். ஜூன் 21-ஐ ஒட்டி அது வடக்கே அதிக தூரம் போயிருக்கும், டிசம்பர் 21-ஐ ஒட்டித் தெற்கே. அதனால் இங்கே 'வடக்குச் சுவர் எப்போதும் நிழல்' என்பது செல்லாது. கடக ரேகைக்கு வெகு வடக்கே, குளிர்நாடுகளில் எழுதும் தோட்டக் குறிப்புகளில் அது பெரும்பாலும் சரி. அவர்களுக்கு உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கேதான் இருக்கும். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு நான் இங்கே பெரணி நட்டேன். ஒரே நாள் அளவெடுத்து முடிவு கட்டக்கூடாது. குறைந்தது டிசம்பரிலும் ஜூனிலும் ஒவ்வொரு முறையாவது பார்க்க வேண்டும். நடுவில் மார்ச்சிலும் ஒன்று பார்த்தால் இன்னும் நல்லது.

வெளிச்சத்தின் அளவு அடுத்த சிக்கல். நம் கண்ணை நம்ப முடியாது. இருட்டுக்குப் போனால் கண்ணின் பாவை விரிந்து சரிசெய்துகொள்ளும். அதனால் நமக்கு 'பரவாயில்லை, வெளிச்சமாகத்தானே இருக்கிறது' என்று தோன்றும் இடம் செடிக்குக் குகையாக இருக்கும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலி ஒன்றை ஃபோனில் போட்டுப் பார்த்தேன். ஃபோன் காட்டும் எண் துல்லியமில்லை, ஆனால் ஓர் இடத்தோடு இன்னோர் இடத்தை ஒப்பிட அது போதும். நல்ல உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அதே நேரத்தில் எங்கள் சந்தில், வெயில் விழாத பகுதியில் 9,000. மாமரத்தடியில் 1,500. மாடிப்படிக்குக் கீழே 280. பார்வைக்கு மாமரத்தடியும் சந்தும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரிந்தன. எண்ணில் ஆறு மடங்கு வித்தியாசம்.

ஃபோன் வேண்டாம் என்றால் ஒரு வெள்ளைத் தாள் போதும். மதிய நேரத்தில் தாளைத் தரையில் வைத்து, ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் எண்ணும்படி நிழல் கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் நிறைய. ஓரம் கலங்கிக் கை மாதிரி ஏதோ தெரிந்தால் நடுத்தரம். நிழலே தேட வேண்டியிருந்தால், அங்கே எதை வைத்தாலும் அது வளராது, இருக்கும். அவ்வளவுதான்.

சுவர் நிழலும் மர நிழலும் ஒன்றல்ல என்பதைக் கோலியஸ் என்ற வண்ண இலைச் செடிதான் காட்டிக்கொடுத்தது. ஒரே தாய்ச்செடியிலிருந்து நான்கு தண்டு வெட்டி, நான்கையும் ஒரே மண் கலவையில், ஒரே அளவுத் தொட்டியில் வேர் பிடிக்க வைத்தேன். இரண்டைச் சந்தில் வைத்தேன். இரண்டை மாமர நிழலின் வெளி ஓரத்தில், ஃபோன் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டிய இடத்தில் வைத்தேன். ஆறு வாரம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்ப முடியவில்லை. சந்துச் செடியில் கணுவுக்குக் கணு இரண்டு விரற்கடை. குட்டையாக, அடர்ந்து, புதர் மாதிரி. மாமரச் செடியில் கணுவுக்குக் கணு நான்கு விரலுக்கு மேல். தண்டு வெளிர்ந்து, மெலிந்து, தலையைத் தூக்க முடியாமல் சாய்ந்திருந்தது.

காரணம் வெளிச்சத்தின் அளவில் இல்லை, அதன் தரத்தில் இருக்கிறது. இலை சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். திறந்த வெயிலில் சிவப்பும் தொலைசிவப்பும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். அடர்ந்த மரத்துக்குக் கீழே சிவப்பு வெகுவாகக் குறைந்து தொலைசிவப்பு ஓங்கிவிடும். செடிக்குள் ஃபைட்டோகுரோம் என்றொரு நிறமி இருக்கிறது. இந்த விகிதத்தைப் பார்த்து, 'தலைக்கு மேலே யாரோ இருக்கிறார்கள், சீக்கிரம் உயர்ந்து வெளியே போ' என்று அது முடிவெடுக்கிறது. உடனே தண்டு நீளும். சுவருக்கு இந்த வேலை தெரியாது. அது வெளிச்சத்தை மறைக்கும், வடிகட்டாது. மேலே திறந்த வானம் இருந்தால் செடி பதற்றமில்லாமல் வளரும். ஃபோனுக்கு இந்த வித்தியாசம் தெரியாததால்தான் இரண்டு இடமும் அதற்கு ஒன்றாகத் தெரிந்தன. வெயில் செடியாக இருந்து நிழலை ஓரளவு தாங்கும் ரகங்களை மரத்தடியில் வைக்காமல் சுவரோரம் வைக்க வேண்டும் என்று அன்றைக்குக் குறித்துக்கொண்டேன்.

சரி, மாமரத்தடிக்கு வருவோம். அதிகம் அடி வாங்கியது அங்கேதான்.

கடப்பாரை போட்டால் நாலு அங்குலத்திலேயே வேர். விரல் தடிமனில் கொஞ்சம், நூல் மாதிரி ஏராளம். மண்ணே ஒரு பாய் மாதிரி எழுந்து வந்தது. மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரடி, ஒன்றரை அடி மண்ணுக்குள்தான் இருக்கும். நான் ஊற்றிய தண்ணீர் முழுவதையும் என் செடிக்கு முன்னால் மரம் குடித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு, அடர்ந்த இலைக்கூரை சாதாரண மழையைத் தரைக்கு விடாது. தெருவெல்லாம் நனைந்து கிடக்கும். மரத்தடியில் சருகைத் தள்ளிப் பார்த்தால் புழுதி.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து, அடிமரத்தைச் சுற்றிச் செங்கல் வைத்து, ஓரடி உயரத்துக்குப் பாத்தி கட்டுவது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மரம் வளர்த்துப் பழகிய ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மரத்தைக் கழுத்து வரைக்கும் புதைச்சிருக்கீங்க" என்றார். அடிமரப் பட்டை எப்போதும் காற்றாடிக் காய்ந்திருக்க வேண்டியது. ஈர மண் ஒட்டிக்கொண்டே இருந்தால் அழுகும். வேர்களுக்கும் காற்று போகாது. அந்த வாரமே அத்தனை மண்ணையும் அள்ளி எடுத்தேன். பட்டை ஒரு பக்கம் கறுத்து ஊறியிருந்தது. நல்லவேளை, காய்ந்து தேறிவிட்டது.

அப்புறம் தொட்டி யோசனை. தொட்டிகளை மரத்தடித் தரையில் வைத்தேன். எட்டு மாதம் கழித்து ஒன்றை நகர்த்தப் பார்த்தால் வரவில்லை. இழுத்தால் அடியில் 'டப்' என்று அறுந்தது. மாமர வேர் தொட்டியின் வடிகால் ஓட்டை வழியாக உள்ளே ஏறி, தொட்டி மண் முழுவதும் வலை பின்னியிருந்தது. தினமும் பூவாளியில் ஊற்றியதெல்லாம் நேராக மரத்துக்கு! இப்போது ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே மூன்று செங்கல் துண்டுகள். காற்று இடைவெளி இருந்தால் வேர் தாண்டுவதில்லை.

தரையில் நடுவதற்குக் கடைசியில் பிடித்துக்கொண்ட முறை இது. பெரிய செடி வாங்கவே கூடாது. கைப்பிடி அளவு வேர்க்கட்டியுள்ள சின்னக் கன்று போதும். வேர்களுக்கு நடுவே களைக்கொத்தியால் கிளறி, இடம் கிடைக்கும் இடத்தில் மட்டும் குழி. கட்டைவிரலுக்கு மேல் தடிமனான வேர் வந்தால் அதை வெட்டாமல் குழியை நகர்த்திவிடுவேன். குழியில் மக்கிய இலையுரம் இரண்டு கை. நட்டபின் மேலே மாஞ்சருகையே மூன்று அங்குலம் மூடாக்காகப் போட்டேன், அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டு. முதல் நான்கு மாதம் ஒவ்வொரு கன்றுக்கும் குறிவைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதைத் தாண்டினால் பிழைத்துக்கொள்ளும். மழைக்காலம் தொடங்கும்போது நட்டால் இந்த வேலை பாதியாகும்.

அங்கே நின்றவை: ஸ்நேக் பிளாண்ட் என்று விற்கும் மருள் வகை, ஸ்பைடர் பிளாண்ட், மாண்டோ புல், சிங்கோனியம். இவற்றில் மாண்டோ புல்லைத்தான் அதிகம் சொல்வேன். அது உண்மையில் புல் இல்லை. கரும்பச்சையாக, சாண் உயரத்தில், வாராத முடி மாதிரி கிடக்கும். முதல் ஆறு மாதம் நகரவே இல்லை. வீண் செலவு என்றுதான் நினைத்தேன். பிறகு பக்கக் கன்று விட ஆரம்பித்து, இப்போது இடையில் மண் தெரியவில்லை. ஸ்பைடர் பிளாண்டும் வாடாமல் இருக்கிறது. சதைப்பிடிப்பான கிழங்கு மாதிரி வேரில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் வறண்ட நிழல் அதற்குப் பழக்கம்.

மனி பிளாண்டும் நட்டேன். தரையில் படர்ந்தவரை இலை உள்ளங்கை அளவு. மரத்தில் ஏறத் தொடங்கியதும் இலை பெரிதாகிக்கொண்டே போனது. இரண்டாம் வருடக் கடைசியில் மேலே இருக்கும் இலை என் முகத்தை மறைக்கும் அளவு. ஒட்டுண்ணி இல்லை, மரத்தின் சாற்றை அது தொடுவதில்லை. ஆனால் ஆசையாக விட்டால் மரமே தெரியாது. வெப்பநாடுகள் பலவற்றில் இது காட்டுக்குள் புகுந்து தொல்லையான அயல்கொடியாகிவிட்டது. எனவே ஆள் உயரத்துக்கு மேல் போனால் வெட்டிவிடுவது, வெட்டிய தண்டை வெளியே எங்கும் எறியாமல் இருப்பது என்று வைத்திருக்கிறேன். சிங்கோனியத்துக்கும் அதே சட்டம்.

பக்கத்தில் நட்ட மான்ஸ்டெராக் கன்றின் கதை வேடிக்கை. வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும் என்று காத்திருந்தால், அது தரையோடு ஊர்ந்து, இருப்பதிலேயே இருட்டான பக்கம், மாமரத்தின் அடிமரத்தை நோக்கிப் போனது. இரண்டு முறை திருப்பி வைத்தேன், மறுபடி அங்கேயே. தேடிப் படித்ததில், 1975-இல் டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற ஆய்வாளர்கள் இருவர் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். மான்ஸ்டெரா இனத்தில் ஒரு கொடியின் நாற்றுகள் முதலில் இருட்டை நோக்கி வளர்கின்றன. காட்டில் பெரிய இருட்டு என்றால் பெரிய மரம் என்று அர்த்தம். ஏற வேண்டியது அதில்தான். மரத்தைத் தொட்டபின்தான் மேலே, வெளிச்சத்துக்கு. திருப்பி வைப்பதை நிறுத்திவிட்டேன்.

மாமரத்துக்குக் கீழே அகன்ற இலைச் செடி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாமரம் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி வந்தால், இனிப்பான பிசுபிசுப்பு கீழே சொட்டிக்கொண்டே இருக்கும். அது படிந்த இலையில் கரும்பூசணம் பிடித்து, அடுப்புக்கரி பூசிய மாதிரி ஆகும். இலையை அது தின்பதில்லை, ஆனால் வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் மறைத்துவிடும். அங்கே வைத்திருந்த அகன்ற இலை அக்லோனிமாவின் இருபது இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அடுத்த வாரம் மறுபடி அதே கறுப்பு. துடைத்து மாளாமல், மரத்தடிக்கு ஒல்லி இலைச் செடிகள் மட்டும் என்று முடிவு செய்தேன். அக்லோனிமா சந்துக்குப் போயிற்று.

சந்து இப்போது தோட்டத்திலேயே நல்ல இடம். மே, ஜூன், ஜூலை வெயிலுக்கு வழி ஒன்றுதான்: அந்த மூன்று மாத வெயிலைத் தாங்குவது தரையில், தாங்காதது தொட்டியில். கனகாம்பரம் தரையில் இருக்கிறது. பாதி நிழலில் அதைவிட நன்றாகப் பூக்கும் செடியை நான் பார்க்கவில்லை. அதன் காய்ந்த விதைக்கூட்டில் தண்ணீர் பட்டால் 'பட்' என்று வெடித்து விதையைத் தெறிக்கும். காலையில் பூவாளியைச் சாய்த்ததும் சந்து முழுக்கப் பட்பட்டென்று சத்தம். சுவரோரம் தானாக முளைக்கும் கன்றுகள் எல்லாம் அப்படி வந்தவைதான். நீள்வாள் மாதிரி இலைவிடும் சாதாரணப் பெரணியும் தரையில்தான். அது கொஞ்சம் வெயிலுக்கு அஞ்சாது. குழாயடிக்குப் பக்கத்தில் சேம்பு. பறவைக்கூடு பெரணியும் மிஞ்சிய ஒரே ஒரு கலாத்தியாவும் தொட்டியில் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் திண்ணைக்குப் போய் ஆகஸ்டில் திரும்பி வரும்.

சந்தில் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கலேடியம் ஐந்து வைத்திருந்தேன். வெள்ளை இலையில் பச்சை நரம்பு, இருட்டில் விளக்கு மாதிரி. குளிர்ந்து வறண்ட மாதங்களில் ஒவ்வொரு இலையாகச் சாய்ந்து, கடைசியில் மண் மட்டும். செத்துவிட்டது என்று மண்ணைக் கொட்டினேன். மூன்றாவது தொட்டியைக் கொட்டும்போதுதான் கையில் கெட்டியாகக் கிழங்கு தட்டுப்பட்டது. தூங்கப் போயிருக்கிறது. முதல் இரண்டின் கிழங்கு உரக்குழியில் மக்கிக்கொண்டிருந்தது. மீதி மூன்றையும் தண்ணீர் ஊற்றாமல் அப்படியே ஓரமாக வைத்தேன். வெக்கை ஏறியதும் சுருட்டிய காகிதம் மாதிரி முளை வந்தது.

வெள்ளை இலை என்றதும் இன்னொன்று. இருண்ட மூலைக்கு வெள்ளை, மஞ்சள் கலந்த இலைதான் எடுப்பாகத் தெரியும். ஆனால் அந்த வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, அது சமைக்காது. எனவே முழுப் பச்சைச் செடியைவிட அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். 1,500 லக்ஸ் இடத்தில் வைத்த வெள்ளைத் திட்டு மனி பிளாண்ட், ஐந்தாவது புது இலையிலிருந்து பச்சைக்கு மாறிவிட்டது. சந்தில் வைத்த அதன் துண்டு இன்னும் திட்டோடு இருக்கிறது. எடுப்பான இலையை நடுத்தர நிழலில் வை, மகா இருட்டுக்குக் கரும்பச்சையே கதி என்பதுதான் என் அனுபவம்.

தண்ணீர் பற்றி: நிழலில் செத்த என் செடிகளில் பாதிக்கு மேல் வெளிச்சமில்லாமல் சாகவில்லை, நான் ஊற்றிச் செத்தவை. வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும், மண்ணும் மெதுவாகக் காயும். வெயில் செடிக்கு ஊற்றும் அதே கையோடு இதற்கும் தினம் ஊற்றினால் வேர் மூச்சு முட்டி அழுகும். ஸீஸீ பிளாண்ட் (ZZ plant) என்ற கிழங்குச் செடியின் தண்டு ஒரு நாள் கையோடு வந்தது. அடியில் கிழங்கு கூழாகி, சாக்கடை நாற்றம். அதிலிருந்து, தொட்டியில் விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, அங்கேயும் காய்ந்திருந்தால்தான் ஊற்றுகிறேன். பீஸ் லில்லிக்கு விரல்கூட வேண்டாம். தாகம் எடுத்தால் மொத்தச் செடியும் குடை மடக்கிய மாதிரி தொங்கும். ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்து நிற்கும். ஆனால் வேர் அழுகினாலும் அதே மாதிரிதான் தொங்கும். மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் இதன் நாடகத்தை நம்பக்கூடாது.

உரத்தையும் பாதியாகக் குறைத்தேன். வெளிச்சமில்லாத இடத்தில் தழைச்சத்தைக் கொட்டினால் செடி சோகையாக நீளும், அவ்வளவுதான். நத்தை பிடிக்க டார்ச்சும் ஒரு டப்பாவும். மழை விட்ட இரவு எட்டரை மணிக்குச் சந்தில் ஒரு சுற்று. முதல் இரவு 40-க்கு மேல், பத்தாவது இரவு மூன்று.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. டிஃபன்பாக்கியாத் தண்டை வெட்டிவிட்டு, கையைக் கழுவாமல் உதட்டைத் துடைத்தேன். அரை மணி நேரம் உதட்டில் ஊசி ஊசியாகக் குத்தியது. உண்மையிலேயே ஊசிதான்: இந்தச் செடியின் சாற்றில் கால்சியம் ஆக்ஸலேட் நுண்ணூசிகள் இருக்கின்றன. நிழலுக்கு என்று நாம் வாங்கும் மனி பிளாண்ட், சிங்கோனியம், கலேடியம், அக்லோனிமா, பீஸ் லில்லி, மான்ஸ்டெரா எல்லாம் அதே சேம்புக் குடும்பம். எல்லாவற்றிலும் இந்த ஊசி உண்டு. தவழும் குழந்தையோ, இலையைக் கடிக்கும் நாயோ பூனையோ வீட்டில் இருந்தால் இவற்றை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ஸ்பைடர் பிளாண்ட், பெரணி, கலாத்தியா இவற்றுக்கு அந்தப் பயம் இல்லை.

மாடிப்படி மூலையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. 280 லக்ஸில் பீஸ் லில்லி ஒரு வருடம் பச்சையாக இருந்தது, ஒரு பூகூட இல்லை. ஸீஸீ ஒன்பது மாதத்தில் ஒரு தளிரும் விடவில்லை, ஓர் இலையும் உதிர்க்கவில்லை. பிளாஸ்டிக் செடி வைத்த மாதிரி. சுவருக்கு வெள்ளை அடித்தேன். எண் 280-லிருந்து 450-க்கு ஏறியது. இப்போது ஒரே மாதிரி இரண்டு ஸீஸீத் தொட்டிகள். ஒன்று மூலையில், இன்னொன்று சந்தில். மாதம் ஒரு முறை இடம் மாற்றுகிறேன். அந்த மூலையில் நிரந்தரமாக ஒன்றை நட்டு வளர்க்க முடியும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். கூழாங்கல் பரப்பியிருக்கிறேன், பூவாளியும் மண்வெட்டியும் வைக்கத் தோதான இடம்.

அந்த ஆறு குரோட்டன்களையும் வாசல் பக்க வெயிலுக்கு மாற்றினேன். ஒரே நாளில் மாற்றியது தப்பு. நிழலில் வளர்ந்த இலை அகன்று, மெலிந்து இருக்கும். நேர் வெயிலைக் கண்டதும் இரண்டு செடிகள் மொத்த இலையையும் கொட்டிவிட்டன, பிறகு தேறவில்லை. மீதி நான்கை மறுபடி தூக்கி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் இரண்டு வாரம் வைத்து, அப்புறம் வாசலுக்குக் கொண்டுபோனேன். அதில் புது இலை மஞ்சள் நரம்போடுதான் வருகிறது.

போன மாதம் மாமரத்தில் தாழ்ந்து கிடந்த இரண்டு கிளைகளைக் கவாத்து செய்தோம். கீழே 1,500 இருந்தது 4,000 ஆகிவிட்டது. சிங்கோனியம் சந்தோஷமாகத் துளிர்க்கிறது; மாண்டோ புல்லின் மேற்குப் பக்கம் மட்டும் நுனி வெளுத்திருக்கிறது, பிற்பகலில் ஒரு கீற்று வெயில் அங்கே விழுகிறது போல. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூழாங்கல் வைக்க வேண்டும்.